கடைசி 'ல' எங்கே போனது?

ஒரு மணி நேர நேர்காணலைப் பத்து நிமிடமாகச் சுருக்கும் வேலையில், எடிட்டரின் உழைப்பில் பெரும்பங்கு கேட்பதற்கே போகும். யார் எதை எங்கே சொன்னார் என்று தேடி, குறித்து, மறுபடி கேட்டு, பிறகுதான் கத்தரி. ஏஐ கருவிகள் உண்மையில் கைகொடுப்பது இந்தத் தேடலில்தான். ஆனால் பேச்சு தமிழாக இருந்தால், வாக்கியம் முடியும் இடத்தில் அவற்றை நம்ப முடியாது.

பேச்சை எழுத்தாக்க, ஓப்பன்ஏஐ 2022 செப்டம்பரில் இலவசமாக வெளியிட்ட விஸ்பர் போதும். சொந்தக் கணினியிலேயே ஓடும் என்பதால் வாடிக்கையாளரின் ஃபுட்டேஜ் எங்கேயும் வெளியே போகாது. தமிழுக்கு அதன் சின்ன அளவுகளான டைனி, பேஸ் மாடல்களை மறந்துவிடலாம். லார்ஜ் மாடலுக்கு கிராஃபிக்ஸ் கார்டில் சுமார் 10 ஜிபி நினைவகம் வேண்டும், மீடியத்துக்கு 5 ஜிபி. 8 ஜிபி கார்டுதான் இருக்கிறது என்றால், ஃபாஸ்டர்-விஸ்பர் என்ற அதன் வேகமான வடிவத்தில் 8-பிட்டாகச் சுருக்கி லார்ஜையே ஓட்டலாம்.

ஓட்டுவதற்கு முன் ஃபுட்டேஜைப் பாருங்கள். மொபைலில் எடுத்த வீடியோவில் ஃப்ரேம் ரேட் ஒரே சீராக இருக்காது. அதை அப்படியே டைம்லைனில் போட்டால் முதல் பத்து நிமிடம் உதடும் குரலும் ஒட்டியிருக்கும், நாற்பதாவது நிமிடத்தில் குரல் தனியாக நடக்கும். எழுத்தாக்கத்தின் நேரக்குறியும் அதோடு சேர்ந்து நழுவும். வீடியோவை மாற்றித் தரும் ஹேண்ட்பிரேக் மென்பொருளில் 25 ஃப்ரேம் என்று நிலையாக மாற்றிவிட்டுத் தொடங்க வேண்டும். இதைக் கடைசியில் சரிசெய்வது என்றால் எல்லா வெட்டையும் மறுபடி போடுவதுதான்.

அடுத்து, மொழி தமிழ் என்று நாமே சொல்லிவிட வேண்டும். அதுவே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டால், முதல் 30 விநாடியை வைத்து முடிவு கட்டிவிடும். அந்த 30 விநாடியில் "மைக் செக், ஒன் டூ த்ரீ, ரோலிங் சார்" என்பதைத் தவிர வேறென்ன இருக்கப் போகிறது? ஆங்கிலம் என்று எடுத்துக்கொண்டு, பின்னால் வரும் தமிழையும் ஆங்கிலத்தில் எழுதித் தள்ளும்.

மௌனம் இன்னொரு வம்பு. விஸ்பரின் முதல் பதிப்புக்கு இணையத்திலிருந்து திரட்டிய 6,80,000 மணி நேர ஒலியும் எழுத்தும் கொடுத்துப் பழக்கினார்கள். ஒன்றுமே பேசாத இடத்திலும் ஏதாவது எழுதும் பழக்கம் அதற்கு உண்டு. எங்கோ கேட்ட நன்றியுரையை நடுவில் செருகும், அல்லது ஒரே வரியை இருபது முறை அடிக்கும். முந்தைய வரியைத் துணைக்கு வைத்துக்கொள்ளும் அமைப்பை அணைத்து, பேச்சுள்ள பகுதியை மட்டும் பிரித்துத் தரும் வடிகட்டியைப் போட்டால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும்.

இனி அந்த 'ல'. பேச்சுத் தமிழில் மறுப்பு பெரும்பாலும் வினையின் வாலில் ஒட்டிக்கொண்டு வரும். "அவர் எங்கிட்ட சொல்லல" என்பதில் முழு மறுப்பும் அந்தக் கடைசி எழுத்தில் இருக்கிறது. மூச்சு தீர்ந்து குரல் இறங்கும் இடமும் அதுவே. ஏஐ இதை "சொல்ல" என்று எழுதும், சில சமயம் "சொல்லலாம்" என்று தானே நிரப்பிக்கொள்ளும். வரல, தெரியல, கையெழுத்துப் போடல, எல்லாவற்றுக்கும் இதே கதிதான். ஆங்கிலத்தில் மறுப்பு பெரும்பாலும் வினைக்கு முன்பே, குரல் இறங்குவதற்குள் வந்துவிடும். அதனால் எழுத்தைப் பார்த்தே வெட்டும் முறை அங்கே ஓரளவு பாதுகாப்பானது. அதே முறையைத் தமிழில் கையாண்டால், மறுத்தவர் ஒப்புக்கொண்டதாகப் படம் வந்து நிற்கும். எழுத்துப் பிரதியைத் தேடுவதற்கு மட்டும் வைத்துக்கொண்டு, எடுக்கும் ஒவ்வொரு துண்டின் கடைசி இரண்டு விநாடியையும் ஹெட்ஃபோனில் கேட்பதுதான் ஒரே வழி.

தேடும்போதும் கவனம் தேவை. 'பண்ணிட்டிருந்தாங்க' என்று அவர் சொன்னதை அது 'பண்ணிக்கொண்டிருந்தார்கள்' என்று மாற்றி எழுதியிருக்கலாம். முழுச்சொல்லைப் போட்டால் கிடைக்காது. 'பண்ணி' என்று முதல் பாதியை மட்டும் போடுங்கள்.

மௌனத்தைத் தானாக வெட்டும் வசதியை நேர்காணலில் தொடாமல் இருப்பதே நல்லது. யூடியூப் விளக்க வீடியோவுக்கு அரை விநாடிக்கு மேற்பட்ட இடைவெளியை எடுத்துவிடு என்று போட்டால் வேலை முடிந்துவிடும். ஆனால் "நான் கையெழுத்துப் போட..." என்று ஒருவர் இரண்டு விநாடி நிறுத்தி, "மாட்டேன்னுட்டேன்" என்று முடித்தால், அந்த இரண்டு விநாடிதான் காட்சியே. கருவிக்கு அது வெற்றிடம். தவிர, நிறுத்திய இடத்தில் விஸ்பரும் வரியை உடைத்துவிடும். எழுத்துப் பிரதியைப் பார்த்துத் துண்டுகளைத் தேர்வு செய்கிறவர் முதல் வரியோடு நின்றுவிட வாய்ப்பிருக்கிறது.

இரைச்சல் நீக்கமும் வாலைத்தான் கடிக்கும். எடிட்டிங் மென்பொருள்களான டாவின்சி ரிசால்வ் ஸ்டூடியோவில் உள்ள வாய்ஸ் ஐசொலேஷன், பிரீமியரில் உள்ள என்ஹான்ஸ் ஸ்பீச் இரண்டும் மின்விசிறி, ஏசி, சாலை இரைச்சலை அபாரமாக எடுக்கும். அளவை உச்சத்தில் வைத்தால் இறங்கிய குரலையும் இரைச்சல் என்று எண்ணி விழுங்கிவிடும். மிச்சக் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல ஒலிக்கும். பாதியளவில் வைத்து, சுத்தம் செய்யாத டிராக்கை அடியில் மெலிதாக ஓடவிட்டால் அறையின் காற்று அப்படியே இருக்கும், வெட்டும் தெரியாது. குரலின் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்யும் கம்ப்ரெஸ்ஸர் இதற்குப் பிறகுதான் வர வேண்டும். முன்னால் போட்டால் இரைச்சலையும் சேர்த்துத் தூக்கிக் கொடுத்த கணக்கு. எழுத்தாக்கத்துக்கு அனுப்ப வேண்டியதும் சுத்தம் செய்யாத மூல ஒலியே.

படத்தைப் பொறுத்தவரை தொல்லை குறைவு. ரிசால்வ் ஸ்டூடியோவின் மேஜிக் மாஸ்க் முகத்தை மட்டும் பிரித்து வெளிச்சம் கூட்ட நன்றாக உதவும், ஜன்னல் பக்கம் உட்காரவைத்து எடுத்த பேட்டிகளில் குறிப்பாக. மாஸ்க்கின் ஓரம் மல்லிகைச் சரத்திலும் ஜிமிக்கியிலும் துடிக்கும். வெளிச்சத்தைக் கொஞ்சமாகக் கூட்டினால் அது கண்ணில் படாது, பின்னணியையே மாற்றப் போனால் பல்லிளிக்கும். ரீல்ஸுக்காகப் படத்தைத் தானாகச் செங்குத்தாக வெட்டும் ஆட்டோ ரீஃப்ரேம் போடும்போது கணக்குப் பாருங்கள்: 1920-க்கு 1080 ஃப்ரேமிலிருந்து 9:16 வெட்டினால் அகலம் 608 பிக்சல்கூட முழுதாக வராது, அதை 1080-க்கு இழுத்தால் முகம் மசமசக்கும். 4கே-யில் எடுத்திருந்தால் 1215 கிடைக்கும். இருவர் பேசும் காட்சியில் சட்டகம் இருவருக்கும் நடுவில் மிதக்கும். அங்கே கையால் கீஃப்ரேம் போட்டுச் சட்டகத்தை நகர்த்துவதுதான் விரைவு.

பிரீமியரில் 2025-இல் வந்த ஜெனரேட்டிவ் எக்ஸ்டெண்ட், எடுக்காத ஃப்ரேம்களை ஏஐயால் உருவாக்கி ஷாட்டை இரண்டு விநாடி வரை வளர்க்கும், அறைச் சத்தத்தைப் பத்து விநாடி வரை. அறைச் சத்தத்துக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம். பேசுகிறவர் முகத்தில் பயன்படுத்தக் கூடாது என்பது எங்கள் கட்சி. அவர் "சொல்லல" என்று முடித்த பிறகு உதடு என்ன செய்தது என்பதும் சாட்சியம்தானே? நிஜம் போலத் தோன்றும் செயற்கைக் காட்சியை அறிவிக்க வேண்டும் என்று யூடியூப் 2024 மார்ச் முதல் விதித்திருக்கிறது. ஆவணப்படத்துக்கு அதற்கு முன்பே அந்தக் கூச்சம் இருந்திருக்க வேண்டும்.

சப்டைட்டிலுக்கு வரும்போது பழைய பாமினி எழுத்துரு டெம்ப்ளேட்டுகளைத் தூக்கிப் போட்டுவிட்டு யூனிகோடுக்கு வந்துவிடுங்கள். பிரீமியரில் கொம்பு இடம் மாறி 'கொ' சிதைந்தால், கிராஃபிக்ஸ் அமைப்பில் தெற்காசிய எழுத்து எஞ்ஜினைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வரிக்கு இத்தனை எழுத்து என்று ஆங்கிலத்துக்குப் போடும் வரம்பும் தமிழுக்குப் பொருந்தாது. 'வணக்கம்' நமக்கு ஐந்து எழுத்து. யூனிகோடு கணக்கில் புள்ளிகளையும் சேர்த்து 7. வரம்பைக் கொஞ்சம் தளர்த்தாவிட்டால் பாதி வாக்கியத்திலேயே வரி உடைந்து, வினைமுற்று அடுத்த சப்டைட்டிலுக்குப் போய்விடும்.

சப்டைட்டிலைச் சரிபார்க்கும் வேலையை எடிட் செய்தவரிடம் கொடுக்காதீர்கள். என்ன பேசியிருக்கிறார்கள் என்று அவர் காதுக்குத் தெரியும். 'சொல்ல' என்று அடித்திருந்தாலும் கண் அதை 'சொல்லல' என்றே படித்துவிடும். படத்தை முன்பு பார்க்காத ஒருவரை உட்காரவைத்து, முதல் முறை ஒலியை அணைத்துவிட்டு எழுத்தை மட்டும் படிக்கச் சொல்லுங்கள். இரண்டாம் முறை ஒலியோடு. "முன்னாடி படிச்சப்ப அவர் சொன்னாருன்னு நெனச்சேனே" என்று அவர் எந்த இடத்தில் நிறுத்துகிறாரோ, அந்த நேரக்குறியை எழுதிக்கொள்ளுங்கள்.