கருவேலங்காட்டுக்குள் குதிரைவாலி

கமுதி பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர் மானாவாரிக் கரிசல் இருக்கிறது. அப்பா இருந்தவரை மிளகாயும் சோளமும் விளைந்த நிலம். அவர் போன பிறகு 14 வருடம் தரிசாகக் கிடந்தது. சீமைக்கருவேலம் அடைத்துக்கொண்டு, வரப்பு எங்கே என்றுகூடத் தெரியாது.

2017-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கருவேலத்தை அகற்றச் சொன்னபோது எங்கள் பக்கமெல்லாம் ஜேசிபி ஓடியது. சுத்தம் செய்த நிலங்கள் பல, விதைக்க ஆளில்லாமல் இரண்டே மழையில் மறுபடி காடாகிவிட்டன. அதைக் கண்ணால் பார்த்திருந்ததால், விதைக்கத் தயாரான பிறகே மரத்தில் கை வைப்பது என்று முடிவு செய்தேன்.

2021 பங்குனியில் கரிமூட்டம் போட்டு அடுப்புக்கரி எடுக்கிற ஒருவருக்கு விறகை விட்டேன். அவர் கொடுத்த பணம் அப்படியே ஜேசிபி வாடகைக்குப் போனது. வெட்டினால் மட்டும் போதாது, அடித்தூரிலிருந்து பத்துக் கிளை விடும் மரம் இது. அதனால் தூரோடு பெயர்த்து, குழிகளை மூடி, சட்டிக்கலப்பையால் சரிவுக்குக் குறுக்காகக் கோடை உழவு போட்டோம். வரப்பையும் உயர்த்தினோம். பெய்கிற மழை நிலத்திலேயே நிற்க வேண்டும், இல்லாவிட்டால் மானாவாரியில் எதைச் செய்தும் பயனில்லை.

ஆடியில் ஆட்டு மந்தை வைத்திருக்கும் கீதாரி ஒருவரிடம் பேசி, மந்தையை வயலிலேயே அடைத்து பத்து ராத்திரி கிடை போட்டேன். மண்ணுக்கு உரம் சேரும் என்று அவ்வளவு சந்தோஷம். புரட்டாசி மழையில், பூத்ததும் மண்ணுக்கே உரமாக மடக்கி உழுவதற்காகப் பலதானியம் விதைத்தோம். சோளம், கம்பு, உளுந்து, தட்டை, கொள்ளு, எள், ஆமணக்கு, சணப்பு, கொழிஞ்சி, மல்லி, கடுகு என்று எல்லாம் கலந்து ஏக்கருக்கு 20 கிலோ. எட்டாம் நாள் போய்ப் பார்த்தால், கிடை கிடந்த இடத்தில் மட்டும் விதைக்காத ஒன்று முளைத்திருந்தது. சின்னச் சின்னக் கருவேலங்கன்றுகள். கிடைக்கு வருமுன் ஆடுகள் கருவேல நெற்று தின்றிருக்கின்றன, விதை புழுக்கையோடு வந்து இறங்கிவிட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்பத்தாதான் குனிந்து ஒன்றைப் பிடுங்கிக் காட்டினார். விரல் நீளச் செடி, அதற்கு ஒரு சாண் வேர், வெள்ளை நூல் மாதிரி. “ஈரத்துல இழுத்தா முழுசா வருதுய்யா. நாலு நாள் விட்டா மம்பட்டி வேணும்” என்றார். அன்றிலிருந்து மழை விட்ட மறுநாள் காலையில் சாக்கோடு வயலில் ஒரு நடை போய்விடுவோம். மண்ணுக்குள் பழைய விதையும் கிடக்கிறது, வருடக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஜேசிபி வேலை மூன்று நாளில் முடிந்தது, இந்தப் பிடுங்குகிற வேலை இன்னும் முடியவில்லை.

பலதானியம் பூத்ததும் அறுக்காமல் மடக்கி உழுதுவிட்டு, கார்த்திகையில் இருந்த ஈரத்தில் கொள்ளு தெளித்தேன். கொள்ளு தரையோடு படர்ந்து வெயில் மண்ணில் படாமல் மூடிவிட்டது. கொஞ்சம் பயறு கிடைத்தது, கொடியை மாட்டுக்குப் போட்டோம். அடுத்த கோடையில் கரிசல் வழக்கம்போல் வெடித்தது. ஆனால் கட்டியை எடுத்து நசுக்கினால் கல்லாக நிற்காமல் பொலபொலவென்று உதிர்ந்தது. அதை அம்மாவின் கையிலும் கொடுத்து நசுக்கச் சொன்னேன்.

இரண்டாம் வருடம் இரண்டு ஏக்கரில் குதிரைவாலி, ஒரு ஏக்கரில் சோளம். சோள விதையை, வறட்சியைத் தாங்குவதற்காக ஊறவைத்து உலர்த்திக் கடினப்படுத்தித்தான் விதைத்தேன். லிட்டர் தண்ணீருக்கு 20 கிராம் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட், அந்தக் கரைசலில் கிலோ விதைக்கு 350 மில்லி, 6 மணி நேர ஊறல், அப்புறம் பழைய பதத்துக்கு நிழலில் உலர்த்தல். சிறிய விதைதானே என்று குதிரைவாலியை அப்படியே தெளித்துவிட்டேன். முளைத்த பிறகு 17 நாள் மழையே இல்லை. சோளம் இலையைச் சுருட்டிக்கொண்டு தாக்குப்பிடித்தது. குதிரைவாலி திட்டுத்திட்டாகக் காய்ந்து, அந்த இடங்களில் மறுபடி விதைக்க வேண்டியதாயிற்று. கடைசியில் இரண்டு ஏக்கருக்கும் சேர்த்து 480 கிலோ. அதிகம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் 14 வருடமாக ஒரு மணிகூடத் தராத நிலம்.

கிடை போடுவதை நான் நிறுத்தவில்லை, கரிசலுக்கு அதைவிட நல்ல உரம் எனக்குத் தெரியாது. இப்போது கீதாரியிடம் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்: “அண்ணே, நாலஞ்சு நாள் தாள் மேய்ச்ச பிறகு நம்ம வயலுக்குக் கொண்டாங்க.” அதற்குள் தின்ற நெற்று விதை புழுக்கையோடு வெளியே போய்விடும். அவரும் அப்படியே செய்கிறார். போன ஐப்பசியில் முதல் மழை விட்ட மறுநாள் அப்பத்தாவும் நானும் மூன்று ஏக்கரும் நடந்தோம், சாக்கு கால்வாசிகூட நிறையவில்லை.