பத்து நொடி நீலத்திரை

லேப்டாப் ரீஸ்டார்ட் ஆனதும் நீலத்திரை வந்தது, பத்து நொடி எண்ணிக்கை இறங்கியது, பக்கத்து வீட்டுத் தம்பி ஸ்வெட்டருக்குள் கையை இழுத்துக்கொண்டு பார்த்தபடியே இருந்தான், அது போய்விட்டது.

கோத்தகிரிக் குளிரில் லேப்டாப்போடு வந்திருந்தான். உபுண்டு லினக்ஸில் கிராபிக்ஸ் டிரைவர் போட்டாயிற்று, ஆனாலும் பிளெண்டர் என்ற 3டி மென்பொருள் கிராபிக்ஸ் கார்டைக் காட்டவில்லை.

டிரைவரில் கோளாறே இல்லை. நம்பகமான மென்பொருளை மட்டும் ஏற்றவிடும் செக்யூர் பூட் என்ற காவல் இயங்கும்போது, நம்பகமான டிஜிட்டல் சாவியால் கையொப்பமிடாத மாட்யூலை (டிரைவரும் அப்படி ஒரு துண்டு நிரல்தான்) லினக்ஸின் மையமான கெர்னல் ஏற்றாது. டிரைவர் நிறுவும்போது நாம் வைத்த பாஸ்வேர்டை அந்த நீலத்திரையில், 'என்ரோல் மோக்' (கணினி உரிமையாளரின் சாவியைப் பதிவு செய்) என்பதைத் தேர்ந்து கொடுத்தால்தான் சாவி பதிவாகும்.

சரி, மோக்யூட்டில் என்ற கட்டளையால் சாவியை மறுபடி இம்போர்ட் செய்தோம். இந்த முறை நீலத்திரையைத் தவறவிடவில்லை. கார்டு வந்துவிட்டது!

இவ்வளவு முக்கியமான கேள்வியை ஆங்கிலத்தில் பத்தே நொடி காட்டினால் எப்படி? குன்னூரிலும் கூடலூரிலும் எத்தனை பிள்ளைகள் லினக்ஸே சரிவராது என்று விட்டிருப்பார்களோ. அந்தத் திரையைப் படம் பிடித்துத் தமிழில் விளக்கி இங்கேயே போடுகிறேன்.