ஸெக்கி ரிஸா: சில அக்டோபர் குறிப்புகள்

9 அக்டோபர் 2024

ஸெக்கி ரிஸா ஸ்போரெல் என்று எல்லாப் பட்டியல்களிலும் அச்சாகியிருக்கும் துருக்கியக் கால்பந்து வீரரின் பெயரில் கடைசிச் சொல்லை, அவர் ஆடிய காலத்தில் மைதானத்தில் ஒருவரும் கூவியிருக்க முடியாது என்பது இன்றுதான் எனக்கு உறைத்தது. 1898-இல் இஸ்தான்புல்லில் பிறந்த அவர், 1915 முதல் 1934 வரை ஃபெனெர்பாச்சே கழகம் ஒன்றுக்கே ஆடினார். துருக்கியர் அனைவரும் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற சட்டம் வந்ததும் அதே 1934-இல்தான். பந்தை விட்டு விலகும் வேளையில் அவருக்கு வாய்த்த பெயரின் முற்பாதி ‘ஸ்போர்’, அதாவது விளையாட்டு.

12 அக்டோபர் 2024

அவருக்கு முந்திய தலைமுறையின் நிலை இன்னும் விசித்திரமானது. சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீதின் ஆட்சியில் ஆங்கிலேயரும் கிரேக்கரும் கால்பந்து ஆடலாம். முஸ்லிம் இளைஞர்கள் கூடி ஆடினால் அரசு சந்தேகிக்கும். கடற்படை மாணவரான ஃபுவாத் ஹுஸ்னு, ஆங்கிலேயர் அணியில் ‘பாபி’ என்ற பொய்ப் பெயரில் ஆடினார். பெயரை மறைத்து ஆடியவருக்கும் பெயருக்காகவே கூட்டம் திரண்டவருக்கும் நடுவே கால் நூற்றாண்டுகூட இல்லை.

17 அக்டோபர் 2024

இன்று முழுவதும் 1923 ஜூன் 29-ஆம் நாளிலேயே கழிந்தது. முதல் உலகப்போரில் தோற்ற இஸ்தான்புல் அப்போது நேச நாடுகளின் படைகளின் பிடியில் இருந்தது. அங்கிருந்த பிரிட்டிஷ் தளபதி ஜெனரல் ஹாரிங்டன், ஊரைவிட்டுப் புறப்படுவதற்கு முன், தம் வீரர்களின் அணியை வெல்பவருக்குத் தம் பெயரால் ஒரு பெரிய வெள்ளிக் கோப்பை தருவதாக அறிவித்தார். சவாலை ஏற்ற ஃபெனெர்பாச்சே, தக்சிமில் இருந்த பழைய பீரங்கிப் படை முகாமின் முற்றத்தில் அமைந்த மைதானத்தில் இறங்கியது. முதல் பாதியில் பிரிட்டிஷார் ஒரு கோல் முன்னிலை பெற்றிருக்க, இரண்டாம் பாதியில் ஸெக்கி இரண்டு கோல்கள் அடித்து ஆட்டத்தை 2-1 என முடித்தார். ஆக்கிரமித்தவனின் கோப்பையை அவன் கையிலிருந்தே வாங்கியதால்தான் அந்த வெற்றி அந்த ஊருக்கு இன்றும் இனிக்கிறது. கோப்பை இப்போது கழகத்தின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முகாம் 1940-இல் இடிக்கப்பட்டது. அந்த இடத்தில் இருப்பது கெஸி பூங்கா.

26 அக்டோபர் 2024

நாள் பார்த்துத்தான் இன்று எழுதுகிறேன். அன்னியப் படைகள் அகன்று மூன்று வாரம் ஆகியிருந்த 1923 அக்டோபர் 26-இல், அதே தக்சிம் மைதானத்தில் துருக்கியின் தேசிய அணி முதன்முறையாக, ருமேனியாவுக்கு எதிராக ஆடியது. ஆட்டம் 2-2 எனச் சமனில் முடிந்தது. துருக்கியின் இரு கோல்களும் ஸெக்கி அடித்தவை. அணித் தலைவர் அவருடைய அண்ணன் ஹசன் கமீல். குடியரசு அறிவிக்கப்பட்டது மூன்று நாள் கழித்து, 29-ஆம் தேதி. ஆக, குடியரசு பிறக்கும் முன்பே அதன் அணி கோல் அடித்துவிட்டது.

30 அக்டோபர் 2024

1924 மே மாதம் பாரிஸ் ஒலிம்பிக்கில் செக்கோஸ்லோவாக்கியா 5-2 என வென்று, முதல் ஆட்டத்திலேயே துருக்கியை வெளியேற்றியது. ஆனால் அணி அத்துடன் ஊர் திரும்பிவிடவில்லை. ஜூனில் ஹெல்சின்கியில் பின்லாந்தை 4-2 என வென்றது. தேசிய அணியின் முதல் வெற்றியான அதில் நான்கு கோல்களும் ஸெக்கியுடையவை. பாரிஸைப் பற்றி எழுதுகிறவர்கள் ஹெல்சின்கியை ஒரே வரியில் கடந்துவிடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

பின்னாளில், 1950-களில், அவர் தம் கழகத்தின் தலைவராகவும் இருந்தார், 1969-இல் காலமானார்.

எண்களைக் குறிப்பேட்டில் ஏற்றும்போது சற்றுத் தயங்கினேன். நாட்டுக்காக 16 ஆட்டங்களில் 15 கோல்கள் என்பதை மையால் எழுதினேன். கழகத்துக்காக 352 ஆட்டங்களில் 470 கோல்கள் என்று சொல்லப்படும் கணக்கில், லீக் ஆட்டங்கள் சொற்பமாக இருந்த காலமாதலால், நட்புமுறை ஆட்டங்களும் கலந்தே இருக்க வேண்டும். அதைப் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.