செத்த காலேஜ் குறிப்புகள்

ஜூன் 12, வியாழன்

செத்த காலேஜ் என்று பேரெடுத்த சென்னை எழும்பூர் அருங்காட்சியகம் காலை 9:30-க்குத் திறக்கிறது. எல்லாரும் அமராவதிப் பௌத்தச் சிற்பக் கற்களையும் வெண்கலச் சிலைகளையும் பார்த்துக் கால் ஓய்ந்த பிறகுதான் விலங்கியல் பக்கம் எட்டிப் பார்க்கிறார்கள். அதைத் தலைகீழாக்கினால் நல்லது. முதலில் எலும்புகள், பிறகு சிலைகள். கேமராவுக்குத் தனிச் சீட்டு.

யானை எலும்புக்கூட்டின் முகத்தில் நடுவே இருக்கும் பெரிய துளை கண் அல்ல, மூக்கு. கண்குழி பக்கவாட்டில், சின்னதாக இருக்கும். பாதத்தையும் குனிந்து பாருங்கள்: யானை நுனிவிரலில்தான் நிற்கிறது. குதிகாலுக்குக் கீழே இருந்த கொழுப்பு மெத்தை எலும்புக்கூட்டில் இராது.

ஜூன் 13, வெள்ளி

வெள்ளி விடுமுறை. வெளியூர்க்காரர்கள் ஏமாறுவது இங்கேதான். கட்டடங்களை வெளியிலிருந்து பார்த்துக்கொள்ளலாம். 1851-இல் தொடங்கிய அருங்காட்சியகம், 1854-இல் பாந்தியன் எனும் பழைய கேளிக்கை மாளிகைக்கு வந்தது. பாந்தியன் சாலைக்குப் பெயர் அதிலிருந்துதான். பக்கத்திலேயே உள்ள கன்னிமாரா நூலகம் திறந்தது 1896-இல். செங்கல் சிவப்பு வெயில் சாயும்போதுதான் எடுப்பாகத் தெரியும்.

முதல் பொறுப்பாளர் டாக்டர் எட்வர்ட் பால்ஃபர் 1855-இல் இதே வளாகத்தில் உயிருள்ள விலங்குகளையும் வைத்தார். அந்தக் காட்சிசாலை மூர்மார்க்கெட் பக்கம் போய், 1985-இல் வண்டலூர் சேர்ந்தது. உயிருள்ள விலங்குகள் இருந்த அது உயிர் காலேஜ், அருங்காட்சியகமான இது செத்த காலேஜ். பழைய மெட்ராஸ்காரர் வாய்க்கு ஈடு இல்லை.

ஜூன் 14, சனி

1874-இல் மங்களூர்க் கரையில் ஒதுங்கிய திமிங்கிலத்தின் எலும்புக்கூடு. நீளத்தை அண்ணாந்து பார்ப்பதோடு விடாமல் துடுப்புக்கு வாருங்கள்: உள்ளே மேற்கை, முன்கை, மணிக்கட்டு, விரல்கள் எல்லாம் நம் கை மாதிரியே. முழங்கை மட்டும் மடங்காது. கழுத்தெலும்பு ஏழு, நமக்கும் ஏழு. திமிங்கிலத்துக்கு அவை தகடுபோல் நெருக்கி அடுக்கியவை.

சீசா மாதிரிகளில் நிறத்தை நம்பக் கூடாது. ஃபார்மலின் எனும் பதப்படுத்தும் திரவம் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் சேர்த்து உடலைக் கெட்டிப்படுத்தி, பிறகு 70 சதவீதச் சாராயத்தில் (ஆல்கஹால்) வைப்பது வழக்கம். மஞ்சள் நிறமி கரைந்துவிடுவதால் பச்சைப்பாம்பு நீலமாகிவிடும். மூடி இறுக்கம் தளர்ந்தால் நம் ஊர்ச் சூட்டில் சாராயம் ஆவியாகும். திரவ மட்டத்துக்கு மேலே நிற்கும் பாகம் சுருங்கிக் கறுக்கும். பழைய பாடம் செய்த தோல்களில் பூச்சி வராமலிருக்க ஆர்செனிக் எனும் நஞ்சு கலந்த சோப்பைத் தடவியிருப்பார்கள். பிள்ளைகள் கையை அங்கே கொண்டுபோகாமல் பார்த்துக்கொள்ளவும்.

படம் எடுக்க ஃபிளாஷை அணைத்து, லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்தால் வெளிச்சம் திரும்பி அடிக்காது.