டிஸ்கஸ், ஏழாவது வாரம்: டிரம் வந்த பிறகு

நேற்று இரவு பாதித் தண்ணீரை மாற்றி முடித்துவிட்டு, விளக்கை அணைக்காமல் அரைமணி நேரம் தொட்டி முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன். ஆறு டிஸ்கஸ் மீனில் ஒன்றுகூடக் கறுக்கவில்லை. மூலைக்குப் போகவில்லை, துடுப்பை மடக்கவில்லை. பத்தாவது நிமிடம் முன்கண்ணாடிக்கு வந்து வரிசையாகத் தீனிக்கு நின்றன. ஏழு வாரமாக இதற்காகத்தான் காத்திருந்தேன், சந்தோஷத்தில் தூக்கமே வரவில்லை.

தொட்டி 120க்கு 45க்கு 60 சென்டிமீட்டர், தண்ணீர் 280 லிட்டர் போல் பிடிக்கும். அடியில் மணல் கிடையாது, வெறும் கண்ணாடி. இரண்டு பெரிய ஸ்பாஞ்ச் ஃபில்டர், வெப்பம் 29 டிகிரி. மீன் வருவதற்கு முன்பே ஐந்து வாரம் அமோனியா ஊற்றி, கழிவை உடைக்கும் பாக்டீரியாவை ஃபில்டரில் வளர்க்கும் சைக்கிளை முடித்துவிட்டேன், அதைத் திரும்ப எழுதவில்லை. வந்தவை எல்லாம் 7 சென்டிமீட்டர் குட்டிகள், இரண்டு நிறவகை: நான்கு டர்க்காய்ஸ், இரண்டு பிஜன் பிளட். பின்பக்கம் வெளிர்நீலத் தாள்தான் ஒட்டியிருக்கிறேன். கறுப்பு ஒட்டினால் டர்க்காய்ஸ் அழகாகத் தெரியும், ஆனால் பிஜன் பிளட் உடம்பு முழுக்க மிளகுத்தூள் தூவியது போல் கரும்புள்ளி வந்துவிடும்.

இனி அந்தப் பிரச்சினை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் பாதித் தண்ணீர் மாற்றுவேன். மாற்றிய கால்மணி நேரத்தில் டர்க்காய்ஸ் நான்கும் கறுக்கத் தொடங்கும். முதலில் கண்ணுக்குக் குறுக்கே ஓடும் பட்டை, அப்புறம் ஒன்றன்பின் ஒன்றாக ஒன்பது பட்டையும் கரிக்கட்டியால் இழுத்தது போல் எழும்பும். எல்லாம் ஃபில்டருக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். பிஜன் பிளட்டுக்குப் பட்டையே கிடையாது என்பதால் அதன் முகத்தைப் படிப்பது கடினம், முதுகுத் துடுப்பு படிந்திருப்பதை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். காலையில் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும், ஒன்றுமே நடக்காதது போல் தின்னும்.

அமோனியா பூஜ்யம், நைட்ரைட் பூஜ்யம், நைட்ரேட் 20க்குக் கீழே. புதுத் தண்ணீரில் சுடுதண்ணீர் கலந்து அரை டிகிரி வித்தியாசம்கூட இல்லாமல்தான் ஊற்றினேன். அதனாலேயே தண்ணீர் மேல் சந்தேகம் வரவில்லை. விளக்கைக் குறைத்தேன், தொட்டி இருந்த அறையில் ஆள் நடமாட்டத்தைக் குறைத்தேன். வயிற்றில் ஒட்டுண்ணியாக இருக்குமோ என்று மெட்ரோனிடசோல் மருந்து வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு மூன்று நாள் யோசித்தேன். கழிவு வெள்ளை நூலாக வந்திருந்தால் போட்டிருப்பேன். நல்ல கருநிறத்தில்தான் வந்தது, தீனியும் விடவில்லை. போடாமல் விட்டது எவ்வளவு நல்லதாயிற்று.

ஐந்தாவது வாரம் தண்ணீர் மாற்றிய கையோடு டார்ச் அடித்துப் பார்த்தேன். ஹீட்டர் மேல், கண்ணாடி மேல், மீனின் முதுகிலும் துடுப்பு ஓரத்திலும்கூட ஊசிமுனை அளவுக்குக் குமிழ்கள். உடனே ஒரு டம்ளரில் குழாய்த் தண்ணீர் பிடித்து பிஎச் (அமிலத்தன்மையின் அளவு, எண் குறைந்தால் அமிலம் கூடுதல்) பார்த்தேன், 6.9. அதே தண்ணீரில் காற்றைக் குமிழாக விடும் ஏர் ஸ்டோன் போட்டு மறுநாள் பார்த்தால் 7.6! குழாய்க்குள் அழுத்தத்தில் வரும் குளிர்ந்த தண்ணீரில் காற்று கூடுதலாகக் கரைந்திருக்கிறது, சூடானதும் அது தாங்காமல் குமிழாக வெளியே வருகிறது. கரைந்திருக்கும் கரியமில வாயு வெளியேற வெளியேற பிஎச் ஏறுகிறது. தொட்டியில் 7.5. அதாவது ஒவ்வொரு தண்ணீர் மாற்றத்துக்கும் பிஎச்சைக் கீழே இழுத்து, ராத்திரியோடு ராத்திரியாக மறுபடி மேலே ஏற விட்டிருக்கிறேன். பாவம், அந்தக் குட்டிகள் என்ன செய்யும்.

ஆக, தண்ணீரை ஒரு நாள் வைத்துத்தான் ஊற்ற வேண்டும். 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் ஒன்று வாங்கினேன். வேலை அதோடு முடியும் என்று நினைத்தேன், இரண்டு வாரம் இழுத்தது.

முதலில் ஏர் ஸ்டோன் மட்டும் போட்டேன். 24 மணி நேரம் கழித்தும் பிஎச் 7.3தான். குமிழ் அழகாக வருகிறதே தவிர, மேல்மட்டம் கலையவில்லை. காற்று மாறுவது மேல்மட்டத்தில்தான். அதை எடுத்துவிட்டு ஒரு சின்ன சர்க்குலேஷன் பம்ப்பை வாய் மேலே பார்க்கும்படி சாய்த்து வைத்தேன், தண்ணீர் புரண்டு கொதிப்பது போல் ஆயிற்று, 12 மணி நேரத்தில் 7.6 வந்துவிட்டது. காற்றடித்தால் குளோரின் போய்விடும், குளோரினும் அமோனியாவும் சேர்ந்த குளோரமின் போகாது. அதனால் டிரம்மை நிரப்பும்போதே குளோரின் நீக்கியும் ஊற்றிவிடுகிறேன்.

அடுத்தது ஹீட்டர். டிரம்மின் வளைவில் ரப்பர் பிடிமானம் நிற்கவே இல்லை, கண்ணாடிக் குழாய் பிளாஸ்டிக் மேல் சாய்ந்தால் ஆபத்து. ஒரு பிவிசி குழாயில் சுற்றிலும் துளை போட்டு அதற்குள் ஹீட்டரைக் கட்டி, அடியில் படுக்கை வாட்டத்தில் வைத்துவிட்டேன். 150 லிட்டரை 24 டிகிரியிலிருந்து 29க்கு ஏற்ற 300 வாட் ஹீட்டருக்குக் கணக்குப்படி மூன்று மணி நேரம், மூடி போடாவிட்டால் நாலு. தண்ணீரை இறைக்கும்போது ஹீட்டர் வெளியே தெரிந்தால் வெடித்துவிடும். அதனால் ஸ்விட்சை அணைக்காமல் பம்ப்பைத் தொடுவதில்லை. ஹீட்டருக்கு ஒரு சாண் மேலே சிவப்பு டேப் ஒட்டியிருக்கிறேன், தண்ணீர் அதற்குக் கீழே போகக் கூடாது.

ஓஸ் வழியாக நேராக விட்டபோது வேகம் தாங்காமல் குட்டிகள் அடித்துக்கொண்டு போயின. இப்போது ஓஸ் முனையில் துளை போட்ட குழாய் மாட்டியிருக்கிறேன், 140 லிட்டர் போக 25 நிமிடம். அந்த மெல்லிய ஓட்டத்துக்கு எதிராக பிஜன் பிளட் இரண்டும் வந்து நின்று நீந்துகின்றன!

பிஎச் 6.5க்கு வந்தே ஆக வேண்டும் என்று நான் மல்லுக்கட்டவில்லை. பல தலைமுறையாகத் தொட்டியில் பிறந்தவை 7.5ல் நன்றாகவே வளரும், ஏறி இறங்காமல் இருந்தால் போதும். பிரேசிலின் ரியோ நீக்ரோ ஆற்றின் அமிலத் தண்ணீரிலிருந்து பிடித்து வரும் ஹெக்கல் டிஸ்கஸ் வேறு கதை. 1840ல் முதன்முதலாக அறிவியல் பெயர் பெற்ற இனம் அதுதான். நடுப்பட்டை மட்டும் அவ்வளவு தடிப்பாக இருக்கும், பார்த்தாலே ஆசை வருகிறது. அதற்கு ஆர்ஓ தண்ணீர் வேண்டும், இன்னொரு டிரம் வேண்டும். இடம்கூடப் பார்த்து வைத்துவிட்டேன்.

மீன் வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று. கண்ணைப் பாருங்கள். உடம்புக்குக் கண் பெரிதாகத் தெரிந்தால் அது வளர்ச்சி நின்ற மீன். தீனி போடச் சொல்லி, தின்பதைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். ஆறும் ஒரே இடத்திலிருந்து வருவது நல்லது, இரண்டு இடத்து மீனைக் கலந்தால் இரண்டு இடத்து நோயும் சேரும். என்னுடைய நாலாவது டர்க்காய்ஸின் கண் பெரிது. அதன் நீலக்கோடுகளைப் பார்த்து மயங்கி எடுத்தேன். மற்றவை 9 சென்டிமீட்டரைத் தாண்டிவிட்டன, இது இன்னும் 7லேயே இருக்கிறது. பெரியவை தின்று ஒதுங்கும்வரை ஓரமாக நின்று, அடியில் விழுந்ததைத் தண்ணீரை ஊதி ஊதிக் கிளப்பித் தின்னும்.

நேற்று முன்கண்ணாடி வரிசையில் அதுவும் நின்றது. இடுக்கியில் பிளட்வார்ம் என்ற செம்புழுத் தீனியைப் பிடித்து அதன் முன்னால் நீட்டினேன். இரண்டு முறை பின்வாங்கி, மூன்றாவது முறை இழுத்துக்கொண்டது. இன்றைக்கு அளந்து பார்க்கக் கண்ணாடியில் ஒரு அளவுகோல் ஒட்டியிருக்கிறேன். டிரம் நிரம்பிக்கொண்டிருக்கிறது, போய்க் குழாயை அடைக்க வேண்டும்.