சுட்டிக்கு ஊசி போட்ட நாள்

நாய்க்கு வியர்ப்பது பாதத்தில்தான். பயந்துபோன நாயை எவர்சில்வர் மேசையில் ஏற்றி இறக்கினால் நான்கு ஈரத் தடங்கள் அங்கே மிஞ்சியிருக்கும். அவற்றைத் துடைப்பது என் வேலைகளில் ஒன்று. இலங்கை மலையகத்தில், ஹட்டனில் ஒரு சிறிய மிருக வைத்திய நிலையத்தில் பதினொரு வருஷமாக உதவியாளராக இருக்கிறேன். நாய்களை நிறுப்பது, பிடிப்பது, அட்டையில் திகதி எழுதுவது, மருந்துக் குளிர்ப்பெட்டி 2 பாகைக்குக் கீழேயோ 8 பாகைக்கு மேலேயோ போகாமல் பார்ப்பது எல்லாம் என் பொறுப்பு. கரண்ட் போனால் முதலில் ஓடுவது அந்தப் பெட்டியிடம்தான்.

ஜூன் மாத மழை நாளொன்றில் நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு பாட்டி ஆட்டோவில் வந்தார். கொழுந்தெடுத்து ஓய்வு பெற்றவர். ஆட்டோவை விட்டு இறங்காமலே என்னைக் கூப்பிட்டார். அவருடைய காலடியில் பழைய கம்பளிக்குள் ஒரு நாய். நெற்றியில் வெள்ளைச் சுட்டி, அதனால் பெயரும் சுட்டி. பொலித்தீன் பைக்குள் மடித்து வைத்திருந்த அட்டையைக் கொடுக்கும்போதே பாட்டி சொன்னார்: "திட்டிராதீங்க தம்பி. ரெண்டு வருஷம் ஆயிருச்சு."

அந்தச் சொல் என்னைக் குத்தியது. காரணம் இருக்கிறது.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம் ஒருவர் தன் நாயைக் கொண்டுவந்தார். விசர்நாய் நோய்க்கான (ரேபிஸ்) தடுப்பூசி ஒன்றரை வருஷம் பிந்தியிருந்தது. வெளியே ஏழெட்டுப் பேர் காத்திருக்க, "இவ்வளவு நாளா என்ன செஞ்சீங்க?" என்று சத்தமாகக் கேட்டேன். நாயின் நன்மைக்காகத்தான் கேட்கிறேன் என்று மனதார நம்பினேன். அவர் அட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டு, "காசு எடுத்துட்டு வாரேன்" என்று போனார். பிறகு வரவேயில்லை. சில மாதம் கழித்து அந்த நாய் அடுத்த லயத்து வீட்டுப் பிள்ளையொன்றைக் கடித்துவிட்டது. ஒழுங்காக ஊசி போட்ட நாய் என்றால், வைத்தியர்கள் பல நேரம் நாயை 14 நாள் கவனித்துக்கொண்டு, பிள்ளைக்கு ஊசி போடாமல் பொறுத்துப் பார்க்க முடியும். இந்த நாய்க்கு அப்படியொரு பதிவு இல்லை. பிள்ளை பல தடவை ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட வேண்டியதாயிற்று. நாய்க்கு ஒன்றுமில்லை, பிள்ளையும் நலம். ஆனால் அன்றைக்கு நான் வாயை மூடிக்கொண்டு ஊசியைப் போட உதவியிருந்தால் அந்த அலைச்சலே இருந்திருக்காது. இன்றுவரை அதை மறக்கவில்லை.

பாட்டியிடம் ஏன் பிந்தியது என்று கேட்கவில்லை. அவராகவே சொன்னார். முன்பு வேறோர் இடத்தில் மூன்று பேர் சேர்ந்து சுட்டியை அமுக்கிப் பிடித்து, வாயைக் கயிற்றால் கட்டி ஊசி போட்டிருக்கிறார்கள். அதற்குப் பிறகு பாட்டி வெளியே போகும் பையை எடுத்தாலே சுட்டி கட்டிலுக்கு அடியில் போய்விடும். தோட்டத்தில் வேலையாட்கள் காலையில் கூடும் பிரட்டுக்களத்துக்கு இலவச விசர்நாய்த் தடுப்பூசி போட வந்தார்கள். பிடிக்கும் வலையைக் கண்டதும் தேயிலைக்குள் ஓடிய நாய் இருட்டிய பிறகுதான் வந்ததாம். "சிறுத்தைப்புலி இருக்கிற காடு தம்பி. அன்னைக்கு ராத்திரி நான் கதவையே மூடல" என்றார்.

பிந்திப்போவதை அசட்டை என்று எழுதிவிடுவது சுலபம். நான் பார்த்தவரை பாதிக்கு மேல் பயம்தான் காரணம். நாய்க்கு ஊசி பயம், வளர்ப்பவருக்கு ஏச்சு விழும் என்ற பயம், செலவுப் பயம். போதாததற்கு பஸ்ஸில் நாயை ஏற்றமாட்டார்கள். ஆட்டோவுக்கு ஒரு நாள் சம்பளம் போய்விடும்.

டொக்டரம்மா வெளியே வந்து தூரத்தில் நின்றே பார்த்தார். சுட்டி உதட்டை நக்கிக்கொண்டே இருந்தான். முன்கால் ஒன்றைத் தூக்கி வைத்திருந்தான். கண்ணின் வெள்ளை விளிம்பு தெரிந்தது. நடுவில் ஒரு கொட்டாவி. "தூக்கம் வருது போல" என்றார் ஆட்டோக்காரத் தம்பி. அது தூக்கமில்லை. பயந்த நாயும் கொட்டாவி விடும். நடுங்குவதும் உறுமுவதும் எல்லோருக்கும் தெரிகிறது, இந்தச் சின்ன அறிகுறிகளைத்தான் தவறவிடுகிறோம். அவற்றைக் கவனிக்காமல் கையை நீட்டும்போதுதான் கடி விழுகிறது.

அறைக்குள் கொண்டுபோனால் பழைய கதைதான் நடக்கும். சும்மா திருப்பி அனுப்பினால் பாட்டியின் ஆட்டோக் காசு வீண், நாயும் ஊசியில்லாமல் போகும். இப்படியான சில நாய்களுக்குப் புறப்பட இரண்டு மணித்தியாலம் முன்னதாகக் கொடுக்கச் சொல்லி டொக்டரம்மா பயம் தணிக்கும் மாத்திரை எழுதித் தருவார். அதற்கும் இன்னொரு பயணம் வேண்டுமே. கடைசியில் அவர் சொன்னார்: "அவன் ஆட்டோவுக்குள்ளயே இருக்கட்டும். நான் வாரேன்."

பாட்டி கொண்டுவந்த ரொட்டித் துண்டைச் சுட்டி முகர்ந்தும் பார்க்கவில்லை. பயம் உச்சத்தில் இருக்கும் நாய் தின்னாது. அதுவே எங்களுக்கு அளவுகோல், தின்னத் தொடங்கும்வரை ஊசி கிடையாது. நான் ஆட்டோவின் படியில் பக்கவாட்டாக உட்கார்ந்து வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நேராகப் பார்ப்பதும் மேலே குனிவதும் நாய்க்கு மிரட்டல். மழை கூரைப் படங்கில் விழும் சத்தம் மட்டும். பாட்டி அவன் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். தடவிக்கொடுத்தால் நாய் இன்னும் பயங்கொள்ளியாகும் என்று சிலர் சொல்வார்கள், நான் அதை நம்புவதில்லை. தனக்குப் பழகிய கை பக்கத்தில் இருந்தால் எந்த உயிருக்கும் கொஞ்சம் தைரியம் வரும்.

இருபது நிமிஷம் இருக்கும். ஒரு ரொட்டித் துண்டு காணாமல் போனது. அப்புறம் இன்னொன்று.

டொக்டரம்மா ஊசியைக் கைக்குள் கொஞ்ச நேரம் பொத்தி வைத்திருந்தார், குளிர் மருந்து கடுக்கும் என்பதற்காக. பாட்டி கம்பளியைத் தலைக்கு மேலே இழுத்துவிட்டு, அதற்குள்ளே ரொட்டியை நீட்டினார். தோளுக்கு அருகே தோலைத் தூக்கி ஒன்று, மறுபக்கம் ஒன்று. முதலாவது விசர்நாய் நோய்க்கு. மற்றது பார்வோ, டிஸ்டெம்பர் என்ற நாய்த் தொற்றுநோய்கள், எலிக்காய்ச்சல் எல்லாவற்றுக்கும் சேர்ந்தது. இரண்டாவதுக்குச் சுட்டி ஒரு தடவை திரும்பிப் பார்த்தான், அவ்வளவுதான்.

"முதல்ல இருந்து எல்லா ஊசியும் போடணுமா டொக்டரம்மா?" என்று பாட்டி கவலையோடு கேட்டார். இந்தக் கேள்வியை நிறையப் பேர் கேட்கிறார்கள், செலவை நினைத்துக் கேட்காமலே வீட்டில் இருந்துவிடுபவர்கள் அதைவிட அதிகம். குட்டியில் ஒழுங்காகப் போட்ட, வளர்ந்த நாய் என்றால் விசர்நாய், பார்வோ, டிஸ்டெம்பர் ஊசிகளைப் பிந்தினாலும் பொதுவாக ஒரு தடவை போட்டால் போதும். எலிக்காய்ச்சலுக்குத்தான் நீண்ட இடைவெளி விட்டிருந்தால் சில வாரத்தில் இரண்டாவது தேவை. ஆகவே மூன்று வாரத்தில் திரும்ப வரச் சொன்னோம். ஒவ்வாமை ஏதும் வருகிறதா என்று பார்க்க அரை மணித்தியாலம் நிறுத்தி வைத்தோம். மூன்று பேருக்கும் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தேன்.

இலங்கையில் 1973 இல் விசர்நாய் நோயால் 377 பேர் இறந்ததாகப் பதிவு. அண்மை வருஷங்களில் அது 20, 30 என்ற அளவில் இருக்கிறது. அந்த இறக்கத்தில் நாய்களுக்குப் போட்ட ஊசிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. வலையைக் கண்டு தேயிலைக்குள் ஓடும் நாய்கள் அந்தக் கணக்கில் சேராமல் நிற்கின்றன. எனக்கு அவைதான் முக்கியம்.

மூன்று வாரம் கழித்துப் பாட்டி வந்தபோது மழை விட்டிருந்தது. சுட்டி ஆட்டோவிலிருந்து தானாக இறங்கி, எங்கள் வாசல் படியில் இரண்டாவதுவரை ஏறி நின்றுகொண்டான். அதற்கு மேல் வரவில்லை, நாங்களும் இழுக்கவில்லை. டொக்டரம்மா படியிலேயே உட்கார்ந்து ஊசியைப் போட்டார்.

அட்டையில் அடுத்த திகதியை எழுதப் போனேன். "அடுத்த ஜூன்லயும் மழையாத்தானே இருக்கும்? கொஞ்சம் முந்தி வந்தா தப்பா தம்பி?" என்று பாட்டி கேட்டார். முந்தினால் ஒரு தப்பும் இல்லை என்றார் டொக்டரம்மா. ஜூனை வெட்டிவிட்டு ஏப்ரல் என்று எழுதிக் கொடுத்தேன்.