வில்லன் பக்கம் மனசு சாய்வது ஏன்?

சூப்பர் ஹீரோ படங்களில் கதையைத் தொடங்கி வைப்பவன் பெரும்பாலும் வில்லன்தான். திட்டம் போடுவது அவன். ஹீரோவின் வேலை தடுப்பது. யார் முதலில் காய் நகர்த்துகிறார்களோ அவர்கள் மேல்தான் கண் போகும். 2018-இல் வந்த 'இன்ஃபினிட்டி வார்' படத்தில் அபார சக்தி கொண்ட ஆறு கற்களைத் தேடுவது வில்லன் தானோஸ். அந்தத் தேடல்தான் படத்தின் முதுகெலும்பு. கடைசிக் காட்சியும் அவனுக்கே.

அதே ஆண்டு வந்த 'பிளாக் பாந்தர்' இதைவிட நுட்பமானது. 1992-இல் வில்லன் கில்மாங்கரின் தகப்பனைக் கொன்றது அவருடைய சொந்த அண்ணன், வகாண்டா என்ற கற்பனை நாட்டின் அரசர். பிள்ளையை அமெரிக்காவின் ஓக்லாந்து நகரத்திலேயே விட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். அவன் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அதனால்தான் கடைசியில் அந்த அரசரின் மகனான ஹீரோ, உலகத்திடமிருந்து ஒளிந்திருக்கும் தன் நாட்டுக் கொள்கையையே மாற்றிக்கொள்கிறான். ஹீரோவை மாற்ற முடிந்த வில்லன்தான் என் கணக்கில் முழு வில்லன்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. வில்லனின் வாதம் வலுத்துவிட்டால் பார்ப்பவர்கள் அவன் கட்சிக்குப் போய்விடுவார்கள். அதைத் தடுக்க, அவன் கையால் ஒரு கொடுமையைச் செய்ய வைப்பார்கள். கில்மாங்கர் தன் காதலியையே சுட்டுவிடுகிறான். எனக்கு அது குறுக்குவழியாகவே படுகிறது. அவன் வாதத்துக்குப் பதில் வாதம் வந்திருக்க வேண்டும்.

முன்கதையே சொல்லாமலும் ஜெயிக்கலாம். 'தி டார்க் நைட்' (2008) ஜோக்கர் தன் முகத் தழும்புக்கு இரண்டு வெவ்வேறு கதைகள் சொல்வான். எதை நம்புவது? ஜோக்கராக நடித்த ஹீத் லெட்ஜருக்கு மறைவுக்குப் பின் ஆஸ்கர் கிடைத்தது அந்த வேடத்துக்குத்தான். மாறாக, 2013-இல் வந்த இரண்டாவது 'தோர்' படத்து வில்லன் மாலெகித்துக்கு அண்டத்தையே இருட்டாக்கும் ஆசை உண்டு, தோரோடு சொந்தப் பகை இல்லை. அதனால் அங்கே எல்லோரும் ரசித்தது தோரின் வளர்ப்புத் தம்பி லோகியை.